ரொறன்ரோவில் மிளகாய், கத்தரி விதைகளை வீட்டுக்குள் எப்போது போடுவது? முளைத்த நாற்று ஏன் நீண்டு சாய்கிறது?

நாள்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள். மே மாதத்திலும் உறைபனி விழும் ஊர் இது. மே 20-ஐ ஒட்டி வரும் விக்டோரியா தின விடுமுறை வார இறுதிக்குப் பிறகு வெளியே நடுவதுதான் இங்கே பலரது வழக்கம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் அதற்கு 8 முதல் 10 வாரம் முன்பு, அதாவது மார்ச் நடுப்பகுதி. தக்காளிக்கு 6 வாரம் போதும். பாவலுக்கு 3, 4 வாரம். வேரைக் கலைத்தால் அதற்குப் பிடிக்காது, தனித்தனிக் கப்பில் போடுங்கள்.

நாற்று நீள்வதற்கு முக்கியக் காரணம் வெளிச்சக் குறைவு. மார்ச் மாத ஜன்னல் வெயில் நம் கண்ணுக்குத்தான் பிரகாசம், செடிக்குப் போதாது. சாதாரண எல்.இ.டி. குழல்விளக்கை நாற்றுக்கு மேலே நாலைந்து அங்குலத்தில் தொங்கவிட்டு, தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். மிளகாய் முளைக்க 25 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். முளைத்தபின் அவ்வளவு தேவையில்லை, அந்தச் சூடும் நாற்றை நீளவைக்கும். தண்ணீரை அடியிலிருந்து கொடுங்கள். மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் தண்டு அழுகிவிடும்.

அப்புறம், நாற்றை நேரடியாக வெளியே நடாதீர்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம் வைத்து, ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் வெயிலில் வைத்து ஒரு தட்டு கத்தரி நாற்றை வெளுக்கவிட்டவன் சொல்கிறேன்.