மானியக் காலம் முடிந்தால் விமானத்தளத்தை மூடிவிட முடியுமா?

"கடைசி மானியத்தின் 20 வருடம் அடுத்த வருடம் முடிகிறது, பிறகு தளத்தை மூடி வீடு கட்டுவோம்" என்று உங்கள் அமெரிக்க ஊரின் நகரசபை சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

மத்திய அரசின் மானியம் வாங்கினால் தளத்தைத் திறந்து வைத்திருக்கும் கடமையும் கூடவே வரும். அதற்கான 20 வருடக் கணக்கு ஓடுபாதை போன்ற கட்டுமான மானியத்துக்குத்தான். மானியம் தரும் எஃப்ஏஏ-யின் (அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பணத்தில் நிலம் வாங்கியிருந்தால் அந்தக் கடமைக்குக் காலாவதியே கிடையாது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ராணுவ உபரிச் சொத்தாக ஊருக்கு வந்த தளம் என்றால் பத்திரத்திலேயே நிரந்தர நிபந்தனை இருக்கும்.

முதலில் பொதுப்பதிவுச் சட்டப்படி எல்லா மானிய ஒப்பந்தங்களையும் திருத்தங்களோடு கேளுங்கள். கூடவே 'எக்ஸிபிட் ஏ' என்ற தளச் சொத்து வரைபடத்தையும் கேளுங்கள். எந்த மனை எந்தப் பணத்தில் வந்தது என்று அதில் இருக்கும். அதை கவுன்டி பத்திரங்களோடு ஒப்பிடுங்கள். திருத்தத்தை விட்டுவிடாதீர்கள்: கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா விமானத்தளத்தில் 1994 மானியம் 2014-இல் முடிந்தது என்றது நகரம், 2003-இல் செய்த திருத்தத்தால் 2023 வரை கட்டுப்பாடு உண்டு என்றது எஃப்ஏஏ. கடைசியில் 2017 சமரசம், 2028 முடிவுவரை தளம் திறந்திருக்கும்.

இப்படித் தளத்தை மூடவிடாத கடமை எதுவுமே பதிவுகளில் கிடைக்காவிட்டால், புது மானியம் வாங்கவைப்பதுதான் வழி. எஃப்ஏஏ-யின் தேசிய விமானத்தளத் திட்டப் பட்டியலிலுள்ள சிறு தளத்துக்கு வருடம் 1,50,000 டாலர் வரை ஒதுக்கீடு உண்டு. ஓடுபாதை வேலைக்கு அதை வாங்கினால் 20 வருடக் கடிகாரம் மறுபடி ஓடும். மூட நினைக்கும் சபை மானியத்தைத் தொடவே தொடாது, அதுதான் சிக்கல். எனவே மானியம் வாங்குவதா என்று முடிவாகும் பட்ஜெட் கூட்டத்தில் பேசுங்கள். விமானச் சத்தம் பற்றிய புகார் கூட்டத்தில் பேசிப் பயனில்லை.