பிரீபெய்டா, போஸ்ட்பெய்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தென்காசியில் வசிக்கிறோம். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருப்பதால் என் கைப்பேசி பெரும்பாலும் வைஃபையில்தான் இயங்குகிறது. மனைவி வைத்திருப்பது பட்டன் போன். ஓய்வூதியக் கணக்கும் சமையல் எரிவாயுப் பதிவும் என் எண்ணோடு இணைக்கப்பட்டவை. சென்ற மாதம் ரீசார்ஜ் செய்ய மறந்து இரண்டு நாள் தவித்தேன். சென்னையில் வேலை பார்க்கும் மகன், "மூன்று எண்களையும் போஸ்ட்பெய்டு குடும்பப் பிளானில் சேர்த்துவிடுகிறேன், பில்லை நானே கட்டிவிடுகிறேன்" என்கிறான். சேரலாமா? — வாசகர், தென்காசி

பதில்: உங்கள் இருவரின் எண்களைப் பொறுத்தவரை, சேர வேண்டிய தேவை இல்லை என்றே கருதுகிறேன். மகனுடைய அக்கறை நியாயமானதுதான். ஆனால் அவர் தீர்க்க நினைப்பது மறதிச் சிக்கலை, அதற்காக நீங்கள் மாதாமாதம் பயன்படுத்தாத டேட்டாவுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். பிரீபெய்டில் மறந்தால் சேவை நின்றுவிடும். போஸ்ட்பெய்டில் மறந்தால் பாக்கி ஏறும், அதன் பிறகு சேவையும் நிற்கும். இவற்றில் எது நமக்கு அதிகச் சங்கடம் தரும் என்பதை ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியே பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லா எண்களுக்கும் ஒரே முடிவு பொருந்துவது அபூர்வம்.

முதலில் செலவைப் பார்ப்போம். கடையில் சொல்லும் பிரீபெய்டு விலையில் 18% ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கும், போஸ்ட்பெய்டு பிளானின் விலையாக விளம்பரத்தில் காட்டப்படும் தொகையில் பெரும்பாலும் அது அடங்கியிருக்காது. ரூ.449 என்று காட்டப்படும் பிளானுக்கு வரியோடு சேர்த்து வரும் பில் ரூ.529.82. மறுபுறம், பிரீபெய்டிலும் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் செலவு ஒன்று உண்டு. 28 நாள் வேலிடிட்டி உள்ள பிளானுக்கு ஆண்டில் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். ரூ.350 பிளான் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ரூ.4,550, மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.379. ஆகவே ஒப்பிட வேண்டியது 350-ஐயும் 449-ஐயும் அல்ல, 379-ஐயும் 530-ஐயும்தான். இந்த 28 நாள் கணக்கு குறித்து எழுந்த புகார்களை அடுத்து, ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் வேலிடிட்டி உள்ள பிளானையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கக்கூடிய பிளானையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அவை கடைப் பலகையில் முன்வரிசையில் இருப்பதில்லை. நீங்களாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் மனைவியின் எண்ணுக்கு வழி எளிது. டேட்டாவே தேவைப்படாதவர்களை டேட்டாவோடு சேர்ந்த பிளானை வாங்க வைப்பது முறையல்ல என்று பலர் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர்களிடம் நாளுக்கு 1.5 ஜி.பி.க்கான காசை வாங்குவது எனக்கும் மனம் ஒப்பாத செயலாகவே இருந்தது. 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தி, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜை நிறுவனங்கள் தர வேண்டும் என்றும், சிறப்பு ரீசார்ஜ்களின் வேலிடிட்டி 90 நாளுக்குப் பதிலாக 365 நாள் வரை இருக்கலாம் என்றும் ஆணையிட்டது. அதன்படி 2025 தொடக்கத்தில் வந்த 84 நாள் பிளான்கள் ரூ.450-ஐ ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் இருந்தன, மாதத்துக்கு ரூ.170 அளவில் முடிந்துவிடும். விலைகள் மாறக்கூடியவை என்பதால் வாங்கும் அன்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எண் வங்கியோடு இணைந்தது. எனவே அது ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. வேலிடிட்டி முடிந்தால் முதலில் நாம் பேசும் வசதி போகும், பின்னர் வரும் அழைப்பும் நிற்கும். அதையும் தாண்டி நெடுநாள் கவனிக்காமல் விட்டால் எண்ணே பறிபோய் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அப்போது உங்கள் ஓடிபி யாருக்குப் போகும் என்பதை நினைத்துப் பாருங்கள். பயன்பாடே இல்லாத பிரீபெய்டு எண்ணை 90 நாளுக்கு முன் துண்டிக்கக் கூடாது என்றும், இருப்பில் ரூ.20 இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு எண்ணை மேலும் 30 நாள் காக்க வேண்டும் என்றும் 2013 முதலே விதி இருக்கிறது. ஆனால் அது எண்ணை மட்டுமே காக்கும். அதை நம்பிச் சேவை தொடரும் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டில் வைஃபை இருக்கும் உங்களுக்கு நீண்ட வேலிடிட்டி உள்ள, டேட்டா குறைந்த பிரீபெய்டு பிளானே போதும். முடிந்தால் ஒரே தடவையில் ஓராண்டுக்குப் போட்டுவிடுங்கள்; முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஒரு வாரம் முன்பே மகனை ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள். பணத்தை அவரே கட்டலாம். அதற்குக் குடும்பப் பிளான் அவசியமில்லை.

குடும்பப் பிளானில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எல்லா எண்களுக்கும் பில் ஒன்றே. மகனின் வங்கி அட்டை காலாவதியாகித் தானியங்கிக் கட்டணம் ஒரு மாதம் தவறினால், சென்னையில் அவருடைய போனோடு தென்காசியில் உங்கள் போன்களும் நிற்க நேரும். காரணம் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மூவருமே டேட்டாவை நிறையப் பயன்படுத்துகிற, ஒரே வீட்டில் வாழ்கிற குடும்பமாக இருந்தால் நானே சேரச் சொல்லியிருப்பேன்.

கேள்வி: கரூரில் வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். வெளியூரில் இருக்கும் நாட்களில் ஹாட்ஸ்பாட் போட்டு மடிக்கணினியில் வேலை பார்ப்பதால் தினசரி 2 ஜி.பி. மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, அலுவலகத்தில் இருக்கும் நாட்களில் கால் பங்குகூடச் செலவாவதில்லை. ஜனவரியில் ஃபிராங்பர்ட் கண்காட்சிக்கும் போக வேண்டியிருக்கும். போஸ்ட்பெய்டுக்கு மாறலாமா? — வாசகர், கரூர்

பதில்: நீங்கள் போஸ்ட்பெய்டுக்கு மாறுவதே நல்லது. நாளொன்றுக்கு இவ்வளவு என்ற வரம்பு ஒரே சீராகப் பயன்படுத்துபவருக்குத்தான் பொருந்தும். போஸ்ட்பெய்டில் பொதுவாக மாதத்துக்கு மொத்தமாக டேட்டா தருவதால், பயண நாட்களில் கூடுதலாகச் செலவழித்து மற்ற நாட்களில் ஈடுகட்டிக்கொள்ளலாம்; சில பிளான்களில் மீந்தது அடுத்த மாதத்துக்கும் வரும். மாதப் பில்லை அலுவலகத்தில் காட்டிச் செலவைத் திரும்பப் பெறுவதும் எளிது.

ஆனால் வெளிநாட்டுப் பயணத்தில் மிகுந்த கவனம் தேவை. பிரீபெய்டில் இருப்பு தீர்ந்தால் அத்தோடு நின்றுவிடும். போஸ்ட்பெய்டிலோ ரோமிங் பேக் போடாமல் டேட்டாவைத் திறந்து வைத்தால், செயலிகள் பின்னணியில் இயங்கியே பில்லை ஏற்றிவிடும். விமானம் ஏறுமுன் பேக்கைப் போட்டு, அது ஜெர்மனிக்கும் வழியில் இறங்கும் நாட்டுக்கும் செல்லுபடியாகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இணைப்புக்கான கடன் வரம்பு, அதாவது பில் ஏற விடும் உச்சத் தொகை, எவ்வளவு என்று கேட்டு, தேவைக்கு மேல் இருந்தால் குறைக்கச் சொல்லுங்கள். வரம்பை நெருங்குவதாக வரும் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று எண்ணி அழித்துவிட வேண்டாம்.

கேள்வி: பிரீபெய்டிலிருந்து போஸ்ட்பெய்டுக்கு மாறினால் எண் மாறிவிடுமா? எத்தனை நாள் ஆகும்? — வாசகி, மதுரை

பதில்: எண் மாறாது. ஒரே நிறுவனத்துக்குள் மாறுவதென்றால், 2021 முதல் ஓடிபி வழியாகவே முடித்துக்கொள்ளலாம். மாறிய பிறகு பிடிக்கவில்லையென்றால் ஓடிபி வழியாகத் திரும்ப முன்பு 90 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது; 2025 ஜூனில் அது முதல் முறைக்கு 30 நாளாகக் குறைக்கப்பட்டது. அதன் பின் மீண்டும் மாற விரும்பினால் 90 நாள் கழிய வேண்டும், அல்லது நேரில் சென்று ஆவணம் காட்ட வேண்டும்.

நிறுவனத்தையும் சேர்த்து மாற்றுவதென்றால், ஆங்கிலத்தில் PORT என்று எழுதி, இடைவெளி விட்டு உங்கள் பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதிலாக வரும் குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும், அது தமிழ்நாட்டில் நான்கு நாள் செல்லும். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுவதானால் மூன்று வேலை நாட்களில் வேலை முடியும். பழைய இணைப்பு குறைந்தது 90 நாள் ஆனதாக இருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு பாக்கி நின்றிருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். பிரீபெய்டிலிருந்து வெளியேறுபவருக்கு மிச்ச இருப்போ வேலிடிட்டியோ புதிய நிறுவனத்துக்கு வராது என்பதால், நடப்பு ரீசார்ஜ் முடிய ஒரு வாரம் இருக்கும்போது குறுஞ்செய்தியை அனுப்புவது லாபம்.