நிறுத்திவிட்டு அனுப்பியதற்குக் கணக்கு எங்கே?

கேள்வி: என் மகன் சாப்பாடு டெலிவரி வேலை பார்க்கிறான். ராத்திரி வீடு திரும்பும்போது அடிக்கடி அவனை நிறுத்துகிறார்கள். ஹெல்மெட், லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் சரியாக இருக்கிறது. முகவரியைப் பார்த்ததும் பையைத் திற என்கிறார்களாம். பின்னால் வரும் கார்கள் பாட்டுக்குப் போகின்றன. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு இப்படி நடப்பதை நிரூபித்திருக்கிறார்களாமே, எப்படி? இங்கே முடியாதா, மேடம்?
– ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: அங்கே பதிவேடு இருந்தது அம்மா, அதனால் முடிந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய 10 கோடி வாகன நிறுத்தங்களின் பதிவுகளை அலசி 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். இருட்டை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மாலை 7 மணி என்றால் அங்கே கோடையில் நல்ல வெளிச்சம், குளிர்காலத்தில் கும்மிருட்டு. அந்த நேரத்தில் ரோட்டில் போவது கிட்டத்தட்ட அதே ஆட்கள்தான். ஆனால் இருட்டில் ஓட்டுபவரின் நிறம் போலீஸுக்குச் சரியாகத் தெரியாது. இருட்டிய பிறகு, நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்திருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அந்த இருட்டுச் சோதனை இங்கே எடுபடாது. சென்னையில் சூரியன் மறையும் நேரம் வருஷம் முழுக்க பெரிதாக மாறுவதில்லை. அதோடு, உங்கள் மகனைக் காட்டிக்கொடுப்பது முதுகில் இருக்கும் பையும் லைசென்ஸில் இருக்கும் முகவரியும். இருட்டினாலும் அவை மறையாது.

எழும்பூர் கோர்ட்டில் நான் பார்க்கும் ஒவ்வொரு சலானிலும் வண்டி எண், இடம், நேரம், குற்றம், தொகை எல்லாம் இருக்கும். ஒரு தப்பும் செய்யாதவனை நிறுத்தி, பையைக் கிளறி, ‘சரி, போ’ என்று அனுப்பினால் அவன் கையில் ஒரு துண்டுச் சீட்டும் வராது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். கலிபோர்னியாவில் 2015-ல் ஒரு சட்டம் வந்தது. அபராதம் போட்டாலும் போடாவிட்டாலும், ஏன் நிறுத்தினார், ஆள் பார்வைக்கு எந்த இனம், என்ன வயது, சோதனை போட்டாரா என்று காவலர் பதிய வேண்டும். இங்கேயும் அப்படி ஒரு விதி வந்தே ஆக வேண்டும். சாதி, மதம் கேட்க வேண்டாம். வண்டி வகை, வயது, குடியிருக்கும் பகுதி, இவ்வளவு போதும்.

அதுவரை, சீருடையில் இருப்பவர் லைசென்ஸ் கேட்டால் மகன் காட்டத்தான் வேண்டும். டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், இடம், காவலரின் பெயர்ப்பட்டை, எதைச் சோதித்தார் என்று அன்றைக்கே எழுதி வைக்கட்டும். கூட ஓட்டும் பையன்களும் எழுதட்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள், மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு நான் எழுதித் தருகிறேன்.