ஜெர்மனி ஒப்பந்தத்தை யார் பேசினார்கள்?

கேள்வி: என் தங்கை நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் மொழி படிக்கிறாள். ஜெர்மனியோடு இந்தியா இடப்பெயர்வு ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். இதையெல்லாம் யார் பேசி முடிவு செய்வது? நம் மாநில அரசைக் கேட்பார்களா?
- வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தமும் சரி, குடிபெயர்வும் சரி, அரசமைப்பின் 7-வது அட்டவணையில் மத்திய அரசின் பட்டியலில்தான் இருக்கின்றன. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புகூடத் தேவையில்லை, மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டால் போதும். நீங்கள் சொல்லும் ஒப்பந்தத்தில் 2022 டிசம்பர் 5 அன்று டெல்லியில் ஜெய்சங்கரும் அன்னலேனா பேர்பாக்கும், அதாவது இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும், கையெழுத்திட்டார்கள்.

ஆனால் வெளியுறவு அமைச்சகம் மட்டும் தனியாகப் பேசிவிட முடியாது. ஐரோப்பிய நாடுகள் விசாவைத் தளர்த்தும்போது, எங்கள் நாட்டில் அனுமதியில்லாமல் தங்கியிருக்கும் உங்கள் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும், அந்த ஆள் உண்மையிலேயே இந்தியர்தானா என்று விசாரித்துச் சொல்லும் வேலை வரும்போது உள்துறை இல்லாமல் நடக்காது. பிரிட்டனோடு இழுபறியானதே இந்த விஷயத்தில்தான். 2018 ஜனவரியில் அப்போதைய உள்துறை இணையமைச்சர் கிரண் ரிஜிஜு லண்டன் போய், இப்படித் திருப்பி அனுப்புவது பற்றிய வரைவில் முன்கையொப்பம் (இறுதிக் கையெழுத்துக்கு முந்தைய ஒப்புதல்) வைத்தார். ஏப்ரலில் பிரதமர் அங்கே போனபோது அது கையெழுத்தாகவில்லை. அப்புறம் 2021 மே மாதம் வந்த ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பும் ஏற்பாடும் இருந்தது, அதோடு 18 முதல் 30 வயதுள்ள இந்தியப் பட்டதாரிகள் ஆண்டுக்கு 3,000 பேர் வரை 2 ஆண்டுகள் அங்கே தங்கி வேலை செய்யும் வழியும் கிடைத்தது.

மாநிலங்களையும், போகப்போகிறவர்களையும் கேட்காமல் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். இலங்கையின் மலையகத்தில் நாடற்றவர்களாக்கப்பட்ட தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் கோத்தகிரி, கூடலூர் பக்கம் போனால் அந்தக் குடும்பங்களைப் பார்க்கலாம்.

மாநிலம் நினைத்தால் செய்யக்கூடியதும் இருக்கிறது. கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் 2021 டிசம்பரில் ஜெர்மனியின் வேலைவாய்ப்பு முகமையோடு நேரடியாகவே கைகோத்து, நர்சுகளைத் தேர்ந்தெடுத்து, மொழிப் பயிற்சியும் கொடுத்து அனுப்பத் தொடங்கியது. இங்கே 1978-லிருந்தே தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. தங்கையை முதலில் அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். தனியார் ஏஜென்ட் மூலம் போவதாக இருந்தால், அவர் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.