கேளுங்கள், சொல்கிறேன்: யாரோ போகிறார், நான் ஏன் அழுதேன்?

கேள்வி: 2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மகன் யூடியூப்பில் வெண்டே குளோப் பாய்மரப் படகுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருவர் வீட்டாரைக் கட்டிப்பிடித்துவிட்டுப் படகில் ஏறினார், எனக்கு அழுகை வந்துவிட்டது. "யாரோ பிரான்ஸ்காரன் போகிறான், உங்களுக்கென்ன அம்மா?" என்று மகன் இன்னும் கிண்டல் செய்கிறான். எனக்குப் பைத்தியமா?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: பைத்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் நீங்கள் யார் யாரை அனுப்பிவிட்டு வந்தீர்கள் என்பது மகனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்தப் போட்டியில் ஒரு படகுக்கு ஒரே ஆள். எங்கும் நிற்கக் கூடாது, யாரிடமும் உதவி வாங்கக் கூடாது, உலகத்தைச் சுற்றி கிட்டத்தட்ட 45,000 கிலோமீட்டர் ஓடி, புறப்பட்ட பிரான்சின் லெ சாப்ல் தொலோன் துறைமுகத்துக்கே திரும்ப வேண்டும். அன்று 40 பேர் போனார்கள். முதலில் வந்த சார்லி தலானுக்கே 64 நாள் 19 மணித்தியாலம் ஆனது, பின்னால் வந்த சிலருக்கு மூன்று மாதத்துக்கும் மேல். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் யாருக்குத்தான் தொண்டை அடைக்காது?

போதாததற்கு அந்தப் புறப்பாடு சட்டென்று முடிகிற காரியமும் இல்லை. காலையிலிருந்து ஒவ்வொரு படகாக ஒடுங்கிய கால்வாய் வழியே வெளியே போகும், இரண்டு கரையிலும் சனம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும், அப்புறம் கடலில் காத்திருப்பு, உதவியாளர்கள் கடைசிவரை படகிலேயே இருந்துவிட்டுத் தொடக்கத்துக்குச் சற்று முன் இறங்கிப் போய்விடுவார்கள். அங்கே பிற்பகல் 1.02க்கு, நமக்கு மாலை 5.32க்கு, ஆள் தனி. அந்தக் கணத்திலிருந்து அவருக்குப் பாய், காற்று, மற்றப் படகு எங்கே என்று தலைக்கு மேல் வேலை. அழ நேரம் ஏது? கரையில் நின்றவர்களுக்குத்தான் ஒரு வேலையும் இல்லை. விமான நிலையத்திலிருந்து வேனில் திரும்பும்போது யாரும் பேசாமல் வருவோமே, சீதுவை தாண்டியதும் "ஒரு தேத்தண்ணி குடிப்போமா" என்று யாராவது சும்மா கேட்பார்களே, அதேதான்.

2020இல் கொவிட் காரணமாகக் கரையில் கூட்டத்தையே விடவில்லை. 33 பேரும் ஆளில்லாத கால்வாய் வழியே போனார்கள், அதிலும் மூடுபனியால் தொடக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தள்ளிப்போனது. என்னைக் கேட்டால், அதைத்தான் பார்க்க முடியவில்லை. அழுகிற சனம் நிற்கிற கரை எவ்வளவோ மேல்.

கேள்வி: போன பயணம் பாதியில் திரும்பினால் சகுனம் சரியில்லை என்பார் அம்மம்மா. இந்தப் போட்டியில் அப்படித் திரும்பி வந்தால்?
- ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தொடங்கிப் பத்து நாளுக்குள் அதே துறைமுகத்துக்கு வந்து பழுது பார்த்துவிட்டு மறுபடி போகலாம். 2008இல் மிஷேல் தெஜுவாயோ மின்சாரக் கோளாறால் திரும்பி வந்து, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 40 மணித்தியாலம் பிந்திப் புறப்பட்டு, 84 நாளில் முதலாவதாக வந்தார்! 2020இல் ஜெரெமி பேயூவும் திரும்பினார், ஒன்பது நாள் பிந்திப் போய் 13ஆவது இடம். அம்மம்மாவிடம் முதல் கதையை மட்டும் சொல்லுங்கள். அது சரி, திரும்பி வந்தவரைக் கொஞ்ச நேரம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள்தானே நம் வீட்டில்? இவர்களும் அதைத்தான் செய்தார்கள், கூடவே வயரையும் பார்த்துக்கொண்டார்கள்.

கேள்வி: நம்மவர்கள் யாராவது பாய்க்கப்பலில் இவ்வளவு தூரம் போனதுண்டா?
- ஒரு மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: தனியாக இல்லை, போட்டிக்கும் இல்லை. ஆனால் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாறிய அந்தக் கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அது புறப்பட்ட நாளில் கரையில் யார் யார் நின்றார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதை வைத்திருந்தால், தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.