வாடகை பாக்கி, முன்பணம்: வீட்டு உரிமையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் முப்பது ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தேன். இரண்டு போர்ஷன் கொண்ட ஒரு வீட்டை நானும் வாடகைக்கு விட்டிருப்பதால், இந்தக் கேள்விகளில் பாதி எனக்கே வந்தவைதாம்.

மன்னார்குடியிலிருந்து: மாடிப் போர்ஷனை மாதம் 6,500 ரூபாய்க்கு உரக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு விட்டிருக்கிறேன். நான்கு மாதமாக வாடகை வரவில்லை. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்துப் பணம் விவசாயிகளுக்குக் கிடைத்தால்தான் தம் கடைப்பற்று வசூலாகும் என்றும், தை கழிந்ததும் மொத்தமாகத் தருவதாகவும் சொல்கிறார். முன்பணம் 20,000 ரூபாய் என்னிடம் இருக்கிறது. பொறுத்திருக்கலாமா?

அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நம் பக்கத்தில் உரக்கடைக்காரர் கையில் பணம் புரள்வது அறுவடைக்குப் பிறகுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். பாக்கி 26,000 ரூபாய் ஆகிவிட்டது. முன்பணத்தை முழுவதும் கழித்தாலும் 6,000 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். முன்பணம் கையில் இருக்கிறது என்ற தெம்பில்தான் பலர் நான்கைந்து மாதங்களை ஓட்டிவிடுகிறார்கள். அதற்குள் அந்தப் பணம் கரைந்துவிடுகிறது, வீடு காலியாகும்போது பழுதுக்கோ மின்கட்டணத்துக்கோ பிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

பொறுப்பதாக இருந்தால், எந்தெந்த மாத வாடகை, மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தருவார் என்று அவர் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தை வாங்கிக்கொண்டு பொறுங்கள். வாடகை பாக்கியை வசூலிக்க வழக்குத் தொடரக் காலவரம்பு மூன்று ஆண்டுகள்; அந்தக் காலத்துக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதித் தந்தால், கையொப்பமிட்ட நாளிலிருந்து புதிதாகக் கணக்குத் தொடங்கும்.

கடிதம் தர அவர் தயங்கினால் அறிவிப்பு அனுப்புங்கள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டு மாத வாடகை நிலுவையாகி, கேட்பு அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள்ளும் அது செலுத்தப்படாவிட்டால், வீட்டைத் திரும்பப் பெற மனுச் செய்யலாம். அந்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுவதையும் கட்டிவிட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லிக் காலி செய்யக் கேட்க முடியாது. உங்களுக்கு வேண்டியது பணம் என்றால், அதுவே நல்ல முடிவுதான். பதிவு அஞ்சல் 2025இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகையால் சேர்ப்பித்ததற்கு ஒப்புகை கிடைக்கும் வகையில் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். "பெற மறுத்தார்" என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். பிரித்து உள்ளே பார்த்துவிட்டு எங்களிடம் கொண்டு வந்தவர்கள் நிறைய பேர்.

மயிலாடுதுறையிலிருந்து: முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் போட்டோம். அது முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அதற்கு மதிப்பு உண்டா?

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால், அதைத் தவிர்க்க வந்த பழக்கம்தான் இந்த 11 மாதம். மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தக் கணக்கு உதவாது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்யவும் வேண்டும். இதற்கு இணையதளம் இருக்கிறது. புதிய ஒப்பந்தம் எழுதக் குடியிருப்பவரை அழையுங்கள், அந்த அழைப்பையும் எழுத்திலேயே விடுங்கள். அவர் உடன்படாவிட்டால், ஒப்பந்தம் ஏற்படாததே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணமாகும்.

நாகப்பட்டினத்திலிருந்து: ஆறு மாத பாக்கி. கேட்டால் சண்டைக்கு வருகிறார். அவர் ஊருக்குப் போயிருக்கும்போது வேறு பூட்டுப் போட்டுவிட்டால் என்ன?

கூடாது. சட்டப்படியான நடவடிக்கையின்றி வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்து, உரிமையைப் பற்றிய விசாரணை இல்லாமலேயே சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதும் தடை செய்யப்பட்டதே. எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் பீங்கான் ஃப்யூஸ் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே வந்து, "பிடுங்கிவிட்டேன், இனி தானே போவான்" என்றார். குடியிருந்தவர் அன்று மாலையே புகார் கொடுத்துவிட்டார். அதன் பிறகு பேச்செல்லாம் அந்தக் கட்டையைப் பற்றித்தான் இருந்தது. வாடகை பாக்கியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

திருவாரூரிலிருந்து (குடியிருந்தவர்): ஐந்து ஆண்டுகள் இருந்த வீட்டை இரண்டு மாதம் முன்பு காலி செய்தோம். முன்பணம் 30,000 ரூபாயில் வெள்ளையடிக்க 9,000 ரூபாய் பிடிப்பேன் என்கிறார் உரிமையாளர். மீதியும் இன்னும் வரவில்லை.

உரிமையாளர்களுக்கான பகுதியில் நீங்கள் கேட்டிருப்பது நல்லதாயிற்று, அம்மா, அவர்களும் படிக்கட்டும். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் தந்துவிட வேண்டும் என்பதே சட்டம். உங்கள் உரிமையாளர் அந்தக் கெடுவை ஏற்கெனவே தாண்டிவிட்டார்.

வெள்ளையடிப்பதைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றும் எழுதவில்லை என்றால், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, வடிகால் அடைப்பு, பூட்டு, சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. "காலி செய்யும்போது வெள்ளைக்கு ஒரு மாத வாடகை" என்பது நம் ஊர்களில் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்; காலி செய்த ஒருவர் அட்டவணையை நகலெடுத்து வந்து என் திண்ணையில் வைத்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன்.

இதில் உரிமையாளர் பக்கமும் இல்லாமல் இல்லை. ஐந்து ஆண்டுகளில் சுவர் மங்குவதும், நாட்காட்டி மாட்டிய இடம் வெளுப்பாகத் தெரிவதும் இயல்பான தேய்மானம். அதற்குப் பிடித்தம் செய்யக் கூடாது. ஆனால் கொல்லைச் சுவரில் இடுப்புயரத்துக்கு வெற்றிலை எச்சில் கறை, அடுப்புமேடைக் கல்லில் விரிசல், ஏசி பொருத்த உடைத்த சுவர் ஆகியவை சேதம். சேதத்துக்குப் பிடிக்கலாம், படமும் கொத்தனார் கொடுத்த ரசீதும் காட்டிப் பிடிக்க வேண்டும். எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல் 9,000 என்று உருண்டையாகச் சொல்வதை ஏற்காதீர்கள். விவரம் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து: காலி செய்து போனவரின் மின்கட்டணம் என் தலையில் விழுந்துவிட்டது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால் வாரியம் உங்களைத்தான் கேட்கும். அவரிடம் கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த முறை, ஒப்படைக்கும் நாளில் மீட்டரைப் படமெடுத்துக் கணக்கு முடித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: வீட்டை 3 லட்சம் ரூபாய்க்கு ஒத்திக்கு விட்டோம், வாடகை கிடையாது. கெடு முடிந்தும் அவர் காலி செய்யவில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. ஒத்தி என்பது வாடகை அல்ல. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்லும் அனுபவ அடைமானம் அது. பணம் கைக்கு வரும்வரை அவர் வீட்டை வைத்துக்கொள்ள உரிமையுள்ளவர்; மேலே சொன்ன இரண்டு மாத நிலுவை விதியெல்லாம் இங்கே பொருந்தாது. 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய அடைமானம் பதிவுப் பத்திரமாக இருக்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதியிருந்தால், சிக்கல் இருவருக்குமே உண்டு. பத்திரத்தோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

திருவிடைமருதூரிலிருந்து: எங்கள் வீடு கோயில் மனையில் இருக்கிறது. குடியிருப்பவர், "மனை கோயிலுடையது, உங்களுக்கு ஏன் வாடகை?" என்கிறார்.

உங்களிடம் வாடகைக்கு வந்தவர், குடியிருக்கும் காலத்தில் உங்கள் உரிமையை மறுக்க முடியாது என்பது பழைய சான்றுச் சட்டத்திலும் இருந்தது, 2023ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அவரிடம் அதைச் சொல்லும் முன், கோயிலுக்கு நீங்கள் கட்ட வேண்டிய மனை வாடகை நிலுவையில்லாமல் இருக்கிறதா என்றும், கட்டடத்தை வாடகைக்கு விட உங்களுக்கு அனுமதி உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்திலிருந்து: குடியிருந்தவர் சொல்லாமல் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். எந்த நாள் வரை வாடகை பிடிக்கலாம்?

முன்னறிவிப்புக் காலம் ஒப்பந்தத்தில் இருந்தால் அதன்படி பிடியுங்கள். எழுத்தே இல்லையென்றால், மாத வாடகைக்கு 15 நாள் முன்னறிவிப்பு என்ற சொத்து மாற்றுச் சட்டத்தின் பொது விதியை ஒட்டிப் பேசித் தீர்ப்பதே நியாயம். அதற்காக வழக்கு வேண்டாம் என்பேன். இப்போதே பக்கத்து வீட்டாரை வைத்துக்கொண்டு கதவைத் திறந்து, சாவி அவர்கள் கைக்கு வந்த நாள், உங்கள் கைக்கு வந்த நாள், மீட்டர் அளவு, எத்தனை சாவி என்று ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். கொல்லைக்கதவுச் சாவி அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் இருக்காது.