பூவைக் கிள்ளாதீர்கள், காம்போடு வெட்டுங்கள்

அக்கா, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் இருக்கிறோம். முன்மதிலோரம் பத்தடி நீளம், மூன்றடி அகலத்தில் வெயில் படும் நிலம் உண்டு. கிழமைக்கு ஒருதரமாவது ஜாடியில் வீட்டுப் பூ வைக்க ஆசை. நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்த ரோஜாவும் கார்னேஷனும் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. என்ன நடலாம்?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

தங்கச்சி, அந்தச் செடிகள் பட்டது உங்கள் கைப்பிழை இல்லை. நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர். அந்தக் குளிரில் வளர்ந்த செடிக்கு இரவிலும் வெக்கை இறங்காத கொழும்பு எப்படிச் சரிவரும்? வெயிலை விரும்புகிற சினியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை, மஞ்சள் கொஸ்மோஸ் நாலும் உங்களுக்குப் போதும். உப்புக் காற்றை அதிகம் தாங்குவது வாடாமல்லி என்பது என் அனுபவம். அதைக் கடற்பக்கமாக வையுங்கள்.

உங்கள் பக்கத்து மண் மணல் கலந்தது. நன்றாக மக்கிய கூட்டெருவை மூன்று அங்குலத்துக்குப் பரப்பிக் கொத்திவிடுங்கள். ஓரடி இடைவெளியில் மூன்று வரிசை வைத்தால் முப்பது செடி பிடிக்கும். நெருக்கி நட வேண்டாம். இந்த ஈரக்காற்றில் சினியா இலையில் வெள்ளைப் பொடி படரும். தண்ணீரும் காலையில் அடியில்தான் விட வேண்டும், இலையில் இல்லை.

விதை போட நல்ல காலம் தைப்பொங்கல் முடிந்த கையோடு. சினியா அறுபது, எழுபது நாளில் பூத்துவிடும், சித்திரை வருஷப்பிறப்புக்கு வீடு நிறையப் பூ. நான் ஒருமுறை அவசரப்பட்டு வைகாசிக் கடைசியில் போட்டேன். தென்மேல் பருவக்காற்று ஒரே இரவில் அத்தனை நாற்றையும் நிலத்தோடு படுக்க வைத்துவிட்டது. விடிய எழும்பிப் பார்த்தபோது வந்த கவலை இன்னும் போகவில்லை.

சரி, இனித்தான் முக்கியமான விஷயம். சாமிக்குப் பூப் பறித்துப் பழகிய கை நமக்கு. தலையை மட்டும் கிள்ளுவோம், காம்பில் கை வைக்க மனம் வராது. ஜாடிப் பூவுக்கு அந்தப் பழக்கம் உதவாது. கோழிக்கொண்டை தவிர்ந்த மற்றச் செடிகள் ஓரடி வளர்ந்ததும், பூக்க முன்னமே, மூன்று நாலு சோடி இலையை விட்டு நடு நுனியைக் கிள்ளிவிடுங்கள். நாலைந்து நாள் கழித்து இலையும் தண்டும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள்: இருபக்கமும் அரிசிமணி அளவில் பச்சையாக ஒவ்வொரு முளை. அவைதான் உங்கள் நீளக் காம்புகள். பூ வந்த பிறகும் இப்படியே, ஒரு சோடி இலைக்குச் சற்று மேலே, முழங்கையளவு காம்போடு வெட்டுங்கள். வெட்ட வெட்டத் தழைக்கும். வெட்டாமல் விட்டால் விதை கட்டி, பூப்பது குறைந்துவிடும்.

சினியாவை வெட்ட முன்னம், பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். தலை துவண்டு ஆடினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். காம்பு விறைப்பாக நின்றால் உடனே வெட்டலாம். மொட்டாக வெட்டினால் அது ஜாடியில் விரியாது.

அக்கா, வெட்டி வைக்கும் பூ இரண்டாம் நாளே தலை சாய்கிறது.
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

வெயில் ஏற முன்னம், வாளியில் தண்ணீரோடு போய் வெட்டுங்கள், தம்பி. வெட்டிய கையோடு காம்பு தண்ணீருக்குள் போக வேண்டும். ஜாடித் தண்ணீருக்குள் ஒரு இலைகூட இருக்கக் கூடாது. இலை அழுகினால் கிருமி பெருகிக் காம்பின் வாயை அடைத்துவிடும், பிறகு எவ்வளவு தண்ணீர் இருந்தும் பூவுக்குப் போய்ச் சேராது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஜாடியை உரசிக் கழுவி, காம்பின் அடியை அரை அங்குலம் நறுக்கி, புதுத் தண்ணீரில் வையுங்கள்.

எங்களுடையது மாடிவீடு. பல்கனியில் வெயிலே இல்லை. வெட்டி வைக்கப் பூ வளர்க்க வழி உண்டா?
– ஒரு வாசகி, பம்பலப்பிட்டி

அந்தூரியம் வையுங்கள். பூச்சாடியில் மண்ணைக் குறைத்து, பொச்சுத் துண்டும் கரித்துண்டும் அதிகம் போடுங்கள். ஒவ்வொரு இலையடியிலிருந்தும் ஒரு பூத்தான் வரும், அதனால் பச்சை இலையை வெட்ட வேண்டாம். வெட்டிய பூ ஜாடியில் இரண்டு கிழமை நிற்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பூச்சாடிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்கு நுளம்பின் முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை போதும். தட்டில் மணல் நிரப்பி வைத்தால் நல்லது, தட்டே இல்லாவிட்டால் இன்னும் நல்லது.